பனியை எண்ணும் விதை: குளிர்கால ரை ஆராய்ச்சியின் கதை

ரஷ்ய இலக்கியத்தைத் தமிழில் வாசித்தவர்கள் கறுப்பு ரொட்டியை அறியாதிருக்க முடியாது. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் அனுப்பிவைத்த மொழிபெயர்ப்பு நூல்களில் குடியானவனும் படைவீரனும் கைதியும் அதை உண்டுகொண்டே நம் நினைவில் நிலைபெற்றார்கள். அந்த ரொட்டி எந்தத் தானியத்தின் மாவால் ஆனது என்று அன்று நாம் கேட்டதில்லை. அது ரை என்னும் தானியம். கோதுமைக்கும் வாற்கோதுமைக்கும் நெருங்கிய உறவுடைய புல்லினப் பயிர். கோதுமை தோற்றுப்போகும் மணற்பாங்கான ஏழை மண்ணிலும், வாற்கோதுமை மடிந்துபோகும் கடுங்குளிரிலும் விளைவது. ஜெர்மனியின் வடக்கிலிருந்து போலந்து வழியாக ரஷ்யாவின் உட்பகுதிவரை பல நூற்றாண்டுகள் எளிய மக்களின் வயிற்றை நிரப்பியது இதுவே.

இப்பயிரின் விதை ஒரு விந்தையான இயல்பைக் கொண்டது. இலையுதிர்காலத்தில் விதைத்தால் முளைத்து, பனிக்கடியில் மாதக்கணக்கில் கிடந்து, அடுத்த கோடையில் கதிர்விடும். அதே விதையை வசந்தத்தில் விதைத்தால் புல்லாகத் தழைத்துக்கொண்டே இருக்கும். அந்தக் கோடையில் கதிர் வராது. குளிர்காலத்தைக் கடந்தோமா இல்லையா என்பது அந்தச் செடிக்கு எப்படித் தெரிகிறது? எளிய கேள்விதான். ஆனால் இதற்கு விடை தேடிய வரலாற்றில் ஒருவர் பல்கலைக்கழகப் பதவியை இழந்தார், ஒருவர் நாடுகடத்தப்பட்டார், ஒருவர் சிறையில் பட்டினியால் இறந்தார். ஒருவர் மட்டும் ஒரு பேரரசின் வேளாண் அறிவியலையே தன் கைக்குள் வைத்திருந்தார். அந்த வரலாற்றை இக்கட்டுரையில் சற்று விரிவாகக் காண்போம்.

களையாக வந்த பயிர்

1916ஆம் ஆண்டு. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பாரசீகத்தில் நிலைகொண்டிருந்த ரஷ்யப் படைவீரர்கள் ரொட்டி உண்டபின் மயங்கி விழுந்தனர். காரணத்தைக் கண்டறிய அனுப்பப்பட்டவர் நிக்கலாய் வாவிலோவ் என்னும் இளம் தாவரவியலாளர். கோதுமையோடு டார்னல் என்னும் நச்சுப்புல்லின் விதை கலந்திருந்ததே காரணம் என்று அவர் கண்டார். வந்த வேலை முடிந்தது. ஆனால் அவர் திரும்பிவிடவில்லை. பாரசீகத்தின் வயல்களையும் பாமீர் மலைச்சரிவுகளையும் பார்த்தபடி பயணத்தைத் தொடர்ந்தார்.

அந்தப் பயணத்தில் அவர் கண்ட காட்சி ஒன்று. தாழ்நிலக் கோதுமை வயல்களில் ரை ஒரு களையாக ஆங்காங்கே தலைகாட்டியது. மலையேற ஏறக் களையின் பங்கு கூடிக்கொண்டே போனது. இன்னும் உயரத்தில், குளிர் தாளாமல் கோதுமை ஒடுங்கிய இடத்தில், வயல் முழுவதும் ரையாகவே இருந்தது. அங்கே உழவர்கள் வேறுவழியின்றிக் களையையே அறுவடை செய்தார்கள்.

இதிலிருந்து வாவிலோவ் தருவித்த முடிவு, 1917இல் அவர் வெளியிட்ட ரையின் தோற்றம் குறித்த ஆய்வாக வந்தது. மனிதன் ரையை விரும்பித் தேர்ந்து வளர்க்கவில்லை. கோதுமையோடு ஒட்டிக்கொண்டு வடக்கே பயணம் செய்த களை, குளிர் கூடிய நிலங்களில் தலைமைப் பயிரைப் பின்தள்ளித் தானே பயிரானது. இத்தகைய பயிர்களை அவர் இரண்டாம்நிலைப் பயிர்கள் என்று வகைப்படுத்தினார். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கோதுமையைப் புடைத்துச் சலித்துக் களையை நீக்க முயன்ற உழவர்களின் கையே, கோதுமையைப்போலத் தோற்றமளித்த ரை விதைகளை மட்டும் தப்பிக்கவிட்டு, அதை மேன்மேலும் கோதுமையை ஒத்ததாக ஆக்கியது. இவ்வாறு களை பயிரின் உருவை அடைவதை இன்று வாவிலோவின் பெயராலேயே வழங்குகிறார்கள். பாரசீகத்தில் ரையின் பெயருக்குள்ளேயே வாற்கோதுமையின் பெயர் ஒளிந்திருக்கிறது. துருக்கிய மொழியில் அது சவ்தார் என்று திரிந்து இன்றும் வழங்குகிறது. வாற்கோதுமை வயலில் கூடவே முளைப்பது என்னும் நினைவை மொழி காத்துவைத்திருக்கிறது.

கோதுமை வயலில் ரை முளைப்பது ஏன் என்னும் இந்த விளக்கத்தை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். முப்பது ஆண்டுகள் கழித்து இதே காட்சி வேறொருவருக்கு வேறொன்றைச் சொல்லப் போகிறது.

குளிரைத் தாங்குவதும் குளிரை வேண்டுவதும்

இங்கே இரண்டு செய்திகளைப் பிரித்து அறிந்துகொள்வது நல்லது. குளிர்கால ரை குளிரைத் தாங்குகிறது என்பது ஒன்று. அது குளிரை வேண்டுகிறது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பியதால் விளைந்த பிழைகள் பல.

தாங்கும் ஆற்றலில் தானியப் பயிர்களுள் ரைக்கு நிகரில்லை. அதன் இலைகளில் உருவாகும் சில புரதங்கள் பனிப்படிகங்களோடு ஒட்டிக்கொண்டு அவை பெரிதாக வளராமல் தடுக்கின்றன என்பதைக் கனடாவில் மெரிலின் கிரிஃபித் குழுவினர் 1992இல் வெளிப்படுத்தினர். மண்ணுக்கடியில் நடப்பது இன்னும் வியப்பானது. அமெரிக்காவில் ஹோவர்ட் டிட்மர் என்பவர் ஓர் அடிக்கு ஓர் அடி அகலமும் இரண்டடிக்குச் சற்றுக் குறைந்த ஆழமும் உள்ள ஒரு பெட்டியில் ஒற்றைக் குளிர்கால ரைச் செடியை நான்கு மாதம் வளர்த்தார். பிறகு மண்ணைக் கழுவி நீக்கி வேர்களைக் கணக்கிட்டார். 1937இல் அவர் வெளியிட்ட கணக்கின்படி வேர்களின் மொத்த நீளம் ஏறத்தாழ 620 கிலோமீட்டர். வேர்த்தூவிகளின் எண்ணிக்கை 1,400 கோடிக்கும் மேல். அவற்றின் நீளத்தைக் கூட்டினால் 10,000 கிலோமீட்டரைத் தாண்டும். ஏழை மண்ணில் இப்பயிர் எப்படிப் பிழைக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை.

ஆனால் குளிரை வேண்டுவது வேறு. குளிர் இல்லாவிட்டால் செடிக்கு எந்தத் தீங்கும் இல்லை. அது நன்றாகவே வளரும், பூக்காது, அவ்வளவுதான். உழவர்கள் இதை நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள். அமெரிக்காவின் ஓஹையோ மாநில வேளாண் வாரியத்தைச் சேர்ந்த ஜான் கிளிப்பார்ட், 1857இலேயே ஒரு குறிப்பை எழுதிவைத்தார். குளிர்காலக் கோதுமையைச் சற்றே முளைக்கவிட்டு, உறைகுளிரில் வளரவிடாமல் நிறுத்திவைத்து, வசந்தத்தில் விதைத்தால் அது வசந்தகாலக் கோதுமையைப்போலவே விளையும் என்பது அதன் சாரம். குறிப்பு இருந்தது, ஆனால் அதன் பின்னால் இருக்கும் விதியை எவரும் தேடவில்லை.

காஸ்னரின் நான்கு வெப்பநிலைகள்

விதியைத் தேடியவர் குஸ்தாவ் காஸ்னர் என்னும் ஜெர்மானியர். 1881இல் பெர்லினில் பிறந்தவர். இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டின் இறுதியில் உருகுவே நாட்டின் மாண்டிவிடியோவில் பணியாற்றினார். ஐரோப்பியத் தானியங்களை அந்த மிதவெப்ப நாட்டில் வெவ்வேறு மாதங்களில் விதைத்துப் பார்த்தபோது, சில காலங்களில் விதைத்தவை கதிர்விடவே மறுப்பதைக் கண்டார். ஐரோப்பாவில் குளிர்காலம் தவறாமல் வந்துவிடுவதால் அங்கே எவர் கண்ணிலும் படாத ஓர் இயல்பு, குளிர் குறைந்த நாட்டில் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது.

ஜெர்மனிக்குத் திரும்பியபின் அவர் தன் சோதனைக்குத் தேர்ந்துகொண்டது பெட்குஸ் ரை. பெர்லினுக்குத் தெற்கே பெட்குஸ் என்னும் சிற்றூரில் ஃபெர்டினாண்ட் ஃபான் லோஹோ என்னும் பண்ணையார் பல ஆண்டுகள் தேர்ந்தெடுத்து உருவாக்கிய வகை அது. ரை அயல் மகரந்தச் சேர்க்கை உடையது. ஒரு செடியின் மகரந்தம் காற்றில் பறந்து மற்றொன்றின் சூலில் சேரும். எனவே அதில் ஒரு நல்ல வகையைத் தூய்மையாகக் காப்பது கோதுமையைக் காட்டிலும் கடினம். லோஹோவின் பொறுமை அதைச் சாதித்தது. அதன் பயனாகப் பெட்குஸ் ரை ஜெர்மனியின் வயல்களெங்கும் பரவியதோடு, ஆய்வுக்கூடங்களுக்கும் நம்பத்தக்க விதையாக அமைந்தது.

காஸ்னர் செய்தது மிக எளிய சோதனை. பெட்குஸ் குளிர்கால ரையையும் வசந்தகால ரையையும் எடுத்துக்கொண்டார். விதைகளை நான்கு வெப்பநிலைகளில் முளைக்க வைத்தார்: 1 முதல் 2 பாகை, 5 முதல் 6 பாகை, 12 பாகை, 24 பாகை செல்சியஸ். பிறகு அவற்றை வெவ்வேறு தேதிகளில் வயலில் நட்டார். வசந்தகால ரை எந்த வெப்பநிலையில் முளைத்திருந்தாலும் உரிய காலத்தில் கதிர்விட்டது. குளிர்கால ரை அப்படியில்லை. குளிர்நாட்கள் எஞ்சியிருந்தபோதே நட்டவை அனைத்தும் ஒருவாறு கதிர்விட்டன. குளிர் முற்றிலும் நீங்கியபின் நட்டவற்றில், உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில் முளைத்தவை மட்டுமே கதிர்விட்டன. வெதுவெதுப்பில் முளைத்தவை புல்லாகவே நின்றன.

1918இல் இந்த ஆய்வு வெளியாயிற்று. செடியின் வாழ்வில் எந்தக் கட்டத்திலாவது ஒரு குளிர்ப்பொழுது அதற்குக் கிடைத்தாக வேண்டும். முளைக்கும் நிலையில் உள்ள சிறு விதைக்கே அதைக் கொடுத்துவிடலாம். கொடுத்துவிட்டால் மாதங்கள் கழித்து அது பூக்கும் நேரத்தில் அந்தக் குளிரின் விளைவு வெளிப்படும். இதுவே அவர் நிலைநாட்டியது. பிற்காலத்தில் இதற்குத் தமிழ்ப் பாடநூல்கள் தட்பப்பதனம் என்று பெயரிட்டன. நல்ல சொல். ஆனால் உலகம் இந்நிகழ்வுக்கு வைத்த பெயர் காஸ்னரிடமிருந்து வரவில்லை.

அவருடைய பிற்கால வாழ்வையும் இங்கேயே சொல்லிவிடுவது தகும். பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்ப உயர்கல்விக்கூடத்தின் தலைவராக இருந்த காஸ்னர், நாஜிகளின் தலையீட்டை எதிர்த்ததால் 1933இல் பதவியை இழந்தார். துருக்கிக்குச் சென்று அங்காராவில் பயிர்ப் பாதுகாப்புத் துறையில் சில ஆண்டுகள் உழைத்தார். போர் முடிந்தபின் அதே கல்விக்கூடம் அவரை மீண்டும் தன் தலைவராக்கியது. 1955இல் அவர் மறைந்தார்.

தந்தையின் வயலில் ஒரு சோதனை

1927-28, 1928-29 ஆகிய இரண்டு குளிர்காலங்களிலும் உக்ரேனில் குளிர்காலப் பயிர்கள் பெரும் பரப்பில் மடிந்தன. கூட்டுப் பண்ணைகளை வன்முறையாக நிறுவத் தொடங்கியிருந்த சோவியத் அரசுக்குத் தானியம் உடனே தேவைப்பட்டது. அந்த வேளையில் அரங்கேறியவர் திரஃபீம் லைசென்கோ. உழவர் குடும்பத்தில் பிறந்தவர். அஜர்பைஜானின் கஞ்சா நகரத்து ஆய்வு நிலையத்தில் பணியாற்றியவர். வெப்பநிலைக்கும் பயிர்வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பை அங்கே அவர் ஆராய்ந்திருந்தார் என்பதும், அவரிடம் கூர்ந்த கவனிப்பு இருந்தது என்பதும் மறுக்கத்தக்கவையல்ல.

1929 சனவரியில் லெனின்கிராதில் கூடிய மரபியல் மாநாட்டில் லைசென்கோ தன் முடிவுகளை வாசித்தார். அங்கிருந்த நிக்கலாய் மக்சீமோவ் என்னும் தாவர உடலியலாளர், இவை காஸ்னர் முன்பே கண்டவற்றோடு ஒத்தவை என்று சுட்டிக்காட்டினார். மக்சீமோவ் தாமே இத்துறையில் சோதனைகள் செய்தவர். எனவே அவருக்கு இது தெரிந்திருந்தது. மாநாடு பெரிதாக அசையவில்லை. ஆனால் அதே ஆண்டு வசந்தத்தில் லைசென்கோவின் தந்தை, பொல்தாவாப் பகுதியில் உள்ள தம் வயலில், குளிரூட்டிய குளிர்காலக் கோதுமையை விதைத்தார். அது கதிர்விட்டது. நாளிதழ்கள் அதைக் கொண்டாடின. மாநாட்டில் கிடைக்காத வெற்றி நாளிதழில் கிடைத்தது. அவ்வாண்டின் இறுதிக்குள் லைசென்கோ ஒடெஸ்ஸாவின் ஆய்வு நிறுவனத்தில் இருந்தார். அவர் தன் முறைக்கு வைத்த பெயர் யரவிசாத்சியா, அதாவது வசந்தப் பயிராக்குதல். அதை லத்தீன் வேர்ச்சொல்லுக்கு மாற்றி வெர்னலைசேஷன் என்று உலகம் ஏற்றுக்கொண்டது. காஸ்னரின் கண்டுபிடிப்பு லைசென்கோவின் பெயர்ப்பலகையோடு உலகைச் சுற்றியது.

கண்டறிந்த உண்மை வேறு, அதை வயலில் செயற்படுத்துவது வேறு. கூட்டுப் பண்ணைகளில் டன் கணக்கில் விதையை நனைத்து, கொட்டகையில் பரப்பி, நாள்தோறும் கிளறிக் குளிரூட்ட வேண்டும். விதை சூடானால் கெடும், பூசணம் பிடிக்கும், முளைப்புத்திறன் குறையும். வெற்றி தோல்விகள் கேள்வித்தாள்கள் வழியாகத் திரட்டப்பட்டன. தோல்வியை எழுதியனுப்ப எந்தப் பண்ணைத் தலைவருக்குத் துணிவிருந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். பியோத்தர் கன்ஸ்தந்தீனவ் என்னும் பயிர்ப்பெருக்க அறிஞர் பல நிலையங்களில் பல ஆண்டுகள் ஒப்பீட்டுச் சோதனைகள் நடத்தி, விளைச்சலில் குறிப்பிடத்தக்க உயர்வு இல்லை என்று 1930களின் நடுவில் எழுதினார். எண்கள் இருந்தன; கேட்பார் இல்லை. 1935இல் கூட்டுப் பண்ணை உழவர் மாநாட்டில் லைசென்கோ பேசியபோது ஸ்டாலினே எழுந்து வாழ்த்தினார்.

மக்சீமோவ் 1933இல் கைது செய்யப்பட்டு சராத்தவுக்கு அனுப்பப்பட்டார். வாவிலோவின் நிலை இன்னும் சிக்கலானது. உலகெங்கும் திரட்டிய ஆயிரக்கணக்கான பயிர்வகைகளை ஒரே இடத்தில் ஒரே காலத்தில் பூக்கவைத்துக் கலப்புச் செய்ய இம்முறை உதவும் என்று அவர் தொடக்கத்தில் மனதார நம்பினார். லைசென்கோவை ஊக்குவிக்கவும் செய்தார். லைசென்கோ மரபணு என்ற கருத்தையே மறுக்கத் தொடங்கியபோது காலம் கடந்துவிட்டது.

லண்டனில் ஒரு பொறுமை

இதே ஆண்டுகளில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் எஃப். ஜி. கிரெகரியும் ஓ. என். பர்விஸ் என்னும் பெண் அறிவியலாளரும் அதே பெட்குஸ் ரையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்ட கேள்விகள் அறிவியல் முறைக்கு ஒரு பாடநூல் போன்றவை.

குளிரை உணர்வது செடியின் எந்தப் பகுதி? விதையிலிருந்து கருவைத் தனியே பிரித்தெடுத்து, சர்க்கரை கலந்த ஊட்டக் கரைசலில் வைத்துக் குளிரூட்டினார்கள். அதுவும் பதனமாயிற்று. கருவூண் தேவையில்லை, கருவே போதும். எவ்வளவு இளமையில் அது உணரும்? தாய்ச்செடியின் கதிரில் இன்னும் முற்றாத மணிகளைக் குளிரூட்டிப் பார்த்தார்கள். அவையும் உணர்ந்தன. காற்று வேண்டுமா? உயிர்வளி இல்லாத சூழலில் குளிரூட்டினால் பயனில்லை. எனவே இது வெறுமனே உறைந்து கிடத்தல் அன்று. அந்தச் சிறு கரு மூச்சுவிட்டபடி ஏதோ ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

விளைவை எப்படி அளப்பது? பர்விஸ் இலைகளை எண்ணினார். வசந்தகால ரை உகந்த சூழலில் ஏழு இலைகளுக்குப்பின் பூக்கதிருக்கு மாறிவிடும். குளிரூட்டாத குளிர்கால ரை இருபதுக்கும் மேற்பட்ட இலைகளை விட்டபின்னரே மாறும். சில வாரக் குளிர் இந்த எண்ணிக்கையை வசந்தகால ரையின் அளவுக்குக் குறைத்தது. குளிர்நாட்கள் கூடக் கூட இலைகளின் எண்ணிக்கை படிப்படியாகக் குறைந்தது. செடி குளிரை எண்ணிக்கொண்டிருக்கிறது என்று சொன்னால் அது உவமை மட்டுமன்று.

அடுத்து வந்ததுதான் மிகக் கூர்மையான கண்டுபிடிப்பு. முழுமையாகப் பதனமாகாத விதையை 35 பாகை அளவு வெப்பத்தில் சில நாட்கள் வைத்தால், பெற்ற குளிரின் விளைவு அழிந்துவிடுகிறது. மீண்டும் குளிரூட்டினால் மீண்டும் பெறுகிறது. நீண்ட நாள் குளிர்பெற்றபின்போ வெப்பத்தாலும் அழிக்க முடிவதில்லை. 1940களில் இதை அவர்கள் வெளியிட்டார்கள். இரண்டு வகை ரையையும் கலப்புச் செய்து, வசந்த இயல்பும் குளிர்கால இயல்பும் மெண்டலின் விதிப்படி ஒரு முதன்மையான மரபணுவால் வேறுபடுகின்றன என்றும், வசந்த இயல்பே ஓங்குபண்பு என்றும் பர்விஸ் காட்டியிருந்தார்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. குளிரூட்டிய செடியின் விதை மீண்டும் குளிர்கால விதையாகவே பிறக்கிறது. அதற்கும் குளிர் வேண்டும். தாய் கண்ட பனி மகளுக்குக் கணக்கில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தன் குளிர்காலத்தைத் தானே கடக்க வேண்டும்.

லைசென்கோவின் கோட்பாடு முறிந்துபோவது இந்த ஒரு புள்ளியில்தான். குளிர்காலக் கோதுமையை உரிய வெப்பநிலையில் வளர்த்தால் அதன் மரபே வசந்த மரபாக மாறிவிடும் என்று அவர் 1930களில் அறிவித்தார். அதற்கு ஆதாரமாக அமைந்த புகழ்பெற்ற சோதனையில் இருந்தவை கோப்பராத்தர்கா என்னும் வகையைச் சேர்ந்த இரண்டு செடிகள். அவற்றில் ஒன்று பட்டுப்போனது. எஞ்சிய ஒற்றைச் செடியின் வழித்தோன்றல்களைக் கொண்டு மரபியலையே மாற்றி எழுத அவர் முற்பட்டார்.

கோதுமை ரையை ஈன்ற கதை

1938இல் லைசென்கோ அனைத்துச் சோவியத் வேளாண் அறிவியல் கழகத்தின் தலைவரானார். அக்கழகத்தின் முதல் தலைவராக இருந்தவர் வாவிலோவ். 1940 ஆகஸ்டில், மேற்கு உக்ரேனில் தாவரங்கள் சேகரித்துக்கொண்டிருந்த வாவிலோவ் கைது செய்யப்பட்டார். 1943 சனவரி 26 அன்று சராத்தவ் சிறையில் உடல் நலிந்து இறந்தார். உலகின் பசியைத் தீர்க்க விதை திரட்டியவர் உணவின்றி மடிந்தார் என்பதை எத்தனை முறை எழுதினாலும் அதன் கசப்பு குறைவதில்லை.

அதே காலத்தில் லெனின்கிராத் ஜெர்மானியப் படையின் முற்றுகையில் இருந்தது. 1941 நவம்பர் இறுதியிலிருந்து ஐந்து வாரங்கள், உடலுழைப்பில் இல்லாதோருக்கு நாளொன்றுக்குக் கிடைத்த ரொட்டி 125 கிராம். ரை மாவில் உமியும் மரக்கூழும்வரை கலந்த ரொட்டி அது. வாவிலோவின் நிறுவனத்தில் டன் கணக்கில் தானிய விதைகள் இருந்தன. அவற்றைக் காத்துநின்ற ஊழியர்கள் தொடவில்லை. நெல் சேகரிப்பின் காவலர் திமீத்ரி இவானவ், நிலக்கடலைச் சேகரிப்பின் அலெக்சாந்தர் ஷூக்கின், ஓட்ஸ் சேகரிப்பின் லிதியா ரோதினா உள்ளிட்ட பலர் பட்டினியால் இறந்தார்கள். விதைகள் பிழைத்தன.

1948 ஆகஸ்டில் வேளாண் கழகத்தின் கூட்டத்தில் மரபியல் அதிகாரபூர்வமாகத் தோற்கடிக்கப்பட்டது. அதையொட்டி வந்த அறிவிப்புகளில் ஒன்று நம் கட்டுரைக்கு மிக நெருக்கமானது. காகசஸ் அடிவாரப் பகுதிகளின் கோதுமைக் கதிர்களுக்குள் ரை மணிகள் காணப்பட்டன என்றும், குளிரும் மலைச்சூழலும் கோதுமையை ரையாக மாற்றிவிட்டன என்றும் லைசென்கோவின் ஆய்விதழ் எழுதியது. ஓர் இனம் மற்றோர் இனத்தை ஈனும் என்பது இதன் பொருள்.

வாவிலோவ் 1916இல் கண்ட காட்சியை நினைவுகூர்வோம். மலையேற ஏறக் கோதுமை குறைந்து ரை பெருகும். அவர் அதைக் கண்டு, களை ஒன்று பயிராக மாறிய நீண்ட வரலாற்றைப் படித்தார். முப்பது ஆண்டுகள் கழித்து அதே நாட்டில் அதே காட்சிக்குக் கோதுமை ரையைப் பெற்றெடுக்கிறது என்று விளக்கம் தரப்பட்டது. கோதுமை கெட்டு டார்னல் புல்லாகும் என்ற உழவர் நம்பிக்கையைக் கிரேக்க அறிஞர் தியோஃபிராஸ்டஸ் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே பதிந்திருக்கிறார். அறிவியல் அந்தப் பழைய நம்பிக்கைக்கே திருப்பி அழைத்துச்செல்லப்பட்டது. இதை மறுக்கக்கூடிய விளக்கம் நிறுவனத்தின் நூலகத்தில் இருந்தது. அதை எழுதியவர்தான் இல்லை.

லைசென்கோவின் பிடி 1964இல் குருஷ்சேவ் பதவியிழந்தபின்னரே தளர்ந்தது, 1965இல் முடிவுற்றது. சோவியத் ஒன்றியத்தில் ஒரு தலைமுறை மாணவர்கள் மரபியலை முறையாகக் கற்காமலே வளர்ந்திருந்தார்கள்.

விதை மறப்பதும் மனிதர் மறப்பதும்

இன்று இந்தப் புதிரின் பெரும்பகுதி விடுபட்டிருக்கிறது. 2003இல் கலிபோர்னியாவில் ஹோர்ஹே டூப்கோவ்ஸ்கியின் குழுவினர் கோதுமையில் குளிருக்குப் பதிலளிக்கும் முதன்மை மரபணுவைப் பிரித்தறிந்தார்கள். ரையிலும் அதற்கு இணையான மரபணு ஐந்தாம் குரோமோசோமில் உள்ளது. குளிர் வாரக்கணக்கில் நீடிக்கும்போது அது மெல்ல விழித்தெழுகிறது; குளிர் நீங்கியபின்னும் விழித்தே இருக்கிறது. மரபணுவின் எழுத்துக்கள் மாறுவதில்லை. அதைச் சுற்றியுள்ள புரதங்களின் மேல் ஏற்படும் வேதிக்குறிகளே மாறுகின்றன. அடுத்த தலைமுறைக்கான விதை உருவாகும்போது அந்தக் குறிகள் துடைக்கப்பட்டு, கணக்கு மீண்டும் சுழியிலிருந்து தொடங்குகிறது. பர்விஸ் இலைகளை எண்ணிக் கண்டதை மூலக்கூறுகள் உறுதிசெய்தன. 2021இல் ரையின் முழு மரபுத்தொகுதி வரைபடமும் வெளிவந்தது.

மரபணுவின் மேல் ஏறும் இத்தகைய குறிகளைப் பற்றிய புதிய துறையைச் சுட்டிக்காட்டி, லைசென்கோ சொன்னது சரிதானே என்று வாதிடுவோர் அண்மைக் காலத்தில் ரஷ்யாவில் தோன்றியிருக்கிறார்கள். அவர்கள் ரையின் கதையையாவது முழுமையாகப் படித்திருக்க வேண்டும் என்று நாம் விரும்புகிறோம். சில உயிர்களில் சில குறிகள் தலைமுறை தாண்டிச் செல்வதுண்டு. ஆனால் லைசென்கோ தன் வாழ்நாள் முழுவதும் பற்றிநின்ற இந்தக் குளிர் நினைவு, தலைமுறை தாண்டாத நினைவுக்கே சான்றாக நிற்கிறது. குளிரால் மரபு மாறும் என்று அவர் எங்கே சொன்னாரோ, அங்கேதான் இயற்கை நினைவைக் கவனமாக அழிக்கிறது.

அப்படி அழிப்பதில் பொருள் இருக்கிறது. பனியைக் கண்டதாக நினைத்துக்கொண்டு பிறக்கும் விதை, இலையுதிர்காலத்திலேயே கதிருக்கு ஆயத்தமாகி, வரப்போகும் உண்மையான பனியில் அழிந்துவிடும். விதை மறந்தாக வேண்டும். மறப்பதால்தான் அது பிழைக்கிறது.

மனிதச் சமூகத்துக்கு அந்தச் சலுகை இல்லை. காஸ்னரின் பெயரை மறந்ததாலும், கன்ஸ்தந்தீனவின் எண்களைப் படிக்க மறுத்ததாலும், மக்சீமோவின் ஒரு வாக்கியத்தைக் கேளாததாலும் நேர்ந்த இழப்பு வயல்களோடு நிற்கவில்லை. அவர்களை நாம் நினைவில் வைத்துக்கொள்வது வெறும் மரியாதைக்காக அன்று. மலைச்சரிவில் கோதுமைக்கு நடுவே ரை நிற்பதைக் காணும் அடுத்த மனிதர், அதற்கு என்ன பொருள் சொல்வார் என்பது அந்த நினைவைப் பொறுத்திருக்கிறது.